செத்தவன் காதில் யாருடைய ஹெட்போன்?

அத்தியாயம் 3

"இந்தத் தடவையும் என்னைத் திருப்பி அனுப்பினீங்கன்னா, நேரா போய் அந்த டிரைவர் கழுத்தைத் திருகிடுவேன். அப்புறம் நீங்க துப்பறிய வேண்டியது என் கேஸைத்தான்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் பொத்தென்று போட்டாள் பஸ்ஸக்கா.

பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஏறி இறங்கும் பிள்ளைகள் வைத்த பெயர் அது. இப்போது கடைக்காரர் முதல் கம்பவுண்டர் வரை எல்லோருக்கும் அவள் பஸ்ஸக்காதான். நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் அவளுடைய ஒரே தம்பி, வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில், பின்னோக்கி வந்த லாரி இடித்துச் செத்துப்போனான். அன்றிலிருந்து ஒரு புது வழக்கம். கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு, காலிப் பேருந்தைக் கொண்டுபோய் அந்த லாரி டிரைவரின் வீட்டுக்கு எதிரில் நிறுத்துவாள். அரை மணி நேரம் அந்த வாசலையே வெறித்துப் பார்ப்பாள். முதல் நாள் ஜன்னல் சாத்திக்கொண்டது. இரண்டாம் நாள் திரை விழுந்தது. பத்தாம் நாளிலிருந்து அந்த வீட்டார் கொல்லைப்புறமாகத்தான் போய்வருகிறார்கள். அவளுக்கு அது போதவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் நாலரை அடி உயரம். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முப்பது வருஷம் பொய் விபத்துகளைக் கிளறிக் கிளறி ஓய்வு பெற்றவர். ஆளின் அளவையும் காரத்தையும் பார்த்து அங்கே வைத்த பட்டப்பெயர் 'கடுகு'. துப்பறியும் நிலையம் தொடங்கியபோது அதையே பலகையில் எழுதிவிட்டார்.

"போலீஸ் மூடின ஃபைல்மா இது" என்றார் கடுகு, இரண்டு தடவை சொன்னதையே மூன்றாம் தடவையாக. "உங்க தம்பி காதுல ஹெட்போன் இருந்துச்சு. லாரியோட ரிவர்ஸ் அலாரம் அவருக்குக் கேக்கல. அவரோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க."

"அது அவன் ஹெட்போனே இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு செருப்பு வாங்க மூணு கடை ஏறி இறங்குறவன் மேடம் அவன். ஆறு மாசப் பயிற்சிக்கு வெளிநாடு போகவிருந்தான். முதல் தடவையா விமானம், பதினாலு மணி நேரம். எட்டு வருஷமா அந்தக் கிடங்கு மெஷின் சத்தத்துல நின்னு நின்னு அவனுக்குக் காதுக்குள்ள 'ஙொய்'னு ஒரு இரைச்சல். விமானத்துல அது இன்னும் ஜாஸ்தி ஆகும்னு பயம். சத்தத்தை அமுக்குற ஹெட்போன் ஒண்ணு வாங்கணும்னு வீட்டையே ரெண்டாக்கிட்டான். இதைப் பாருங்க."

கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது. ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்த தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. கடுகின் உதவியாளர், முன்பு பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். வாய் ஓயாததால் பெயர் ரேடியோ.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொண்டையைச் செருமினார். "'தொடுற வகை வேண்டாம், பட்டன்தான் வேணும். அங்க குளிருக்குக் கையுறை போட்டிருப்பேன்.' அடடா! 'வயர் சொருகத் துளை இருக்கணும். விமான சீட்டுல இருக்கிற திரைக்கு புளூடூத் கிடையாதாம். மடங்கணும், பையில இடம் இல்ல. மூக்குக்கண்ணாடி போட்டபடி ரெண்டு மணி நேரம் மாட்டினாலும் காது நோகக் கூடாது.' மேடம், எனக்குப் பொண்ணு பார்த்தப்போகூட எங்க வீட்டுல இவ்வளவு யோசிக்கல."

பஸ்ஸக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஐம்பது பிள்ளைகளை ஒரே நொடியில் வாயடைக்க வைக்கும் பார்வை. ரேடியோ தாளை மேசைமேல் வைத்தார்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பிளாஸ்டிக் பையிலிருந்து கறுப்பு ஹெட்போனைக் கடுகு எடுத்தார். திருப்பினார். பட்டன் இல்லை. சார்ஜ் துளையைத் தவிர வேறு துளை இல்லை. மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. அவர் புருவம் மெல்ல ஏறியது.

"யாராவது இரவல் கொடுத்திருக்கலாம்னு போலீஸ் சொல்லும். சரி, உங்க தம்பி தலை பெருசா?"

"சின்னத் தலை. பள்ளிக்கூடத்துல எலுமிச்சைன்னுதான் கூப்பிடுவாங்க. என் தலை மாதிரியேதான்."

"போட்டுக் காட்டுங்க."

செத்தவனின் காதில் இருந்த பொருள். பஸ்ஸக்காவுக்குக் கை கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். ஹெட்போன் காதில் நிற்காமல் வழுக்கி, மாலை மாதிரி கழுத்தில் வந்து விழுந்தது.

"பட்டையை ரெண்டு பக்கமும் முழுசா இழுத்து விட்டிருக்கு" என்றார் கடுகு. "பெரிய தலைக்காரர் யாரோ அவர் அளவுக்கு வச்சுக்கிட்டது. இப்ப ரிப்போர்ட்டைப் பாருங்க. லாரி இடிச்சு, சுவர்ல மோதிக் கீழ விழுந்த மனுஷனுக்கு, 'இரு காதுகளிலும் பொருத்தப்பட்ட நிலையில்' இருந்துச்சாம். சும்மா உக்காந்திருக்கிற உங்க காதுலயே நிக்காதது, உருண்டு விழுந்தவர் காதுல எப்படி நின்னுச்சு?"



"விழுந்த அப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க" என்றார் கடுகு.

பஸ்ஸக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்த டிரைவர்தான். பூசணிக்காய்த் தலை அவனுக்கு. நான் இப்பவே..."

"உக்காருங்க. பூசணிக்காய் நாளைக்கும் அங்கேயே இருக்கும். முதல்ல ஹெட்போன் கடைக்குப் போவோம்."

*

கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ரப்பர் தலைகள், ஒவ்வொன்றின் காதிலும் ஒரு ஹெட்போன். கழுத்தறுத்து வரிசையாக வைத்த மாதிரி இருந்தது பஸ்ஸக்காவுக்கு. கடைக்காரர் அவள் காட்டிய படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"கையுறைக்காரர்! எங்கேங்க ஆளைக் காணோம்? ஒன்பது நாள் வந்தார். என் வாக்கம் கிளீனரை ஓடவிடச் சொல்லி, அதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்தார். விமானச் சத்தம் இப்படித்தான் இருக்கும்னு எங்கேயோ படிச்சாராம். மத்தவங்க பாட்டுப் போட்டுப் பாப்பாங்க. இவர் பாட்டே போடல. சத்தம் இல்லாம இருக்குறதை மட்டும் அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தார். எழுந்திரிக்கவே மனசு இல்ல அவருக்கு."

"கடைசியில எதை எடுத்தார்?" கடுகு கேட்டார்.

"அவர் கேட்ட கலர் இல்லைன்னு வரவழைச்சேன். பட்டன் உள்ளது, துளை உள்ளது, மடங்குறது. பெட்டி வந்து நாற்பது நாளாச்சு. போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குறாரு."

மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார். மேலே தம்பியின் பெயர் எழுதிய சீட்டு. நாற்பது நாள். அதாவது அவன் செத்ததற்கு மறுநாள் வந்திருக்கிறது. பஸ்ஸக்கா பெட்டியைத் தொடவில்லை. தொட்டால் அழுதுவிடுவாள், அழுதால் கோபம் கரைந்துவிடும். கோபம் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அவர் இனிமே எடுக்க மாட்டாருங்க" என்றார் ரேடியோ, தாழ்ந்த குரலில். கடைக்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு பெட்டியை அவள் பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

கடுகு கறுப்பு ஹெட்போனை எடுத்து முன்னால் வைத்தார். "இதைப் போட்டிருந்ததால லாரி ரிவர்ஸ் அலாரம் கேக்கலைன்னு சொல்றாங்க. நடக்குமா?"

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் தொழிலையே பழித்த மாதிரி நிமிர்ந்தார். "எவன் சொன்னான்? ஒரே மாதிரி இழுத்துக்கிட்டே இருக்குற சத்தத்தைத்தான் இது அமுக்கும். விமான எஞ்சின், ஏசி, பெரிய ஃபேன், அந்த மாதிரி. 'கீங் கீங்'னு விட்டு விட்டு அலறுறதை முழுசா அமுக்குற ஹெட்போனை நான் இன்னும் பாக்கலைங்க. நம்பலைன்னா இங்கேயே பாருங்க."

ஹெட்போனைச் சார்ஜரில் சொருகினார். சிறிது நேரத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. ரேடியோவின் தலையில் மாட்டி, வாக்கம் கிளீனரை ஓடவிட்டார். கடை முழுக்க இரைந்தது. பிறகு தன் போனில் லாரி அலாரச் சத்தம் ஒன்றைத் தேடி, அறையின் மறுமூலையில் நின்று ஒலிக்கவிட்டார். பஸ்ஸக்காவுக்குக் கிளீனர் இரைச்சல்தான் கேட்டது. ரேடியோ ஒவ்வொரு 'கீங்'குக்கும் சரியாக விரல் உயர்த்தினார். ஹெட்போனைக் கழற்றினார், விரல் நின்றுபோனது. மறுபடி மாட்டினார், விரல் உயர்ந்தது.

"மேடம், இது என்ன கூத்து! போடாம இருந்தாத்தான் கேக்கல. போட்டா, தூரத்துல கேக்குற மாதிரி இருந்தாலும் தெளிவாக் கேக்குது!"

கடுகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தம்பி ஒன்பது நாள் உட்கார்ந்த அதே ஸ்டூல்.

"காதுல மாட்டியிருந்தா அலாரம் கேட்டிருக்கும். மாட்டாம இருந்தாலும், பக்கத்துல வந்து அலறுற லாரி அலாரம் செவிடனுக்கே கேக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க தம்பி திரும்பிப் பார்த்திருக்கணும். அவர் திரும்பல." கடுகு பஸ்ஸக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அலாரமே அடிக்கலம்மா."

பஸ்ஸக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடிக்காத அலாரத்தை மறைக்க, பேச முடியாதவன் காதில் பழியை மாட்டியிருக்கிறார்கள்.

"இது யாரோடதுன்னு கண்டுபிடிக்க வழி உண்டா?" கடுகு கடைக்காரரைக் கேட்டார்.

"அதையே கேளுங்களேன். நாய் மாதிரிங்க இது. உயிர் வந்ததும் கடைசியாப் பழகின போனைத்தான் தேடும். ஒரு முப்பது அடிக்குள்ள அந்த போன் இருந்து, அதுல புளூடூத்தும் ஓடிக்கிட்டு இருந்தா, ஓடிப்போய் ஒட்டிக்கும், காதுக்குள்ள 'டிங்'னு சத்தமும் கேக்கும். போன்காரர் பழைய பேரை அழிச்சிருந்தா மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது."

"திருடன் வீட்டு நாயைக் கூட்டிக்கிட்டுப் போய்த் திருடனைத் தேடப்போறோம்" என்றார் ரேடியோ. "வாலை யாரைப் பார்த்து ஆட்டுதோ, அவன்தான்."

இந்தத் தடவை பஸ்ஸக்கா முறைக்கவில்லை.

*

மறுநாள் மத்தியானம் மூவரும் கிடங்குக்குப் போனபோது, மேலாளர் வாசலுக்கே ஓடிவந்தார். கூடை கவிழ்த்த மாதிரி சுருட்டை முடி, கலங்கின கண், கனிந்த குரல். தம்பியைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, பஸ்ஸக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'ஆசையா வாங்கின ஹெட்போனே அவனுக்கு எமனா வந்துடுச்சே அக்கா, நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வேலை நேரத்துல மாட்டாதேன்னு' என்று குலுங்கிக் குலுங்கி அழுதவர். அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

"அக்கா, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வந்துக்கிட்டு? மனசு தாங்குமா?"

"இன்சூரன்ஸ் விஷயம்" என்று கடுகு பழைய அடையாள அட்டையை ஒரு நொடி காட்டி உள்ளே போட்டுக்கொண்டார். "நேர்ல பார்த்து ரெண்டு வரி எழுதிக்கணும். உங்க நம்பரும் ஒண்ணு குடுங்க."

உள்ளே போகிறவர்களுக்குத் தடித்த குளிர்ச் சட்டை கொடுத்தார்கள். ரேடியோவின் சட்டைத் தலைமூடி, தேவைக்கு அதிகமாகவே கீழே இறங்கியிருந்தது. அதற்குள் ஹெட்போன் உயிரோடு இருந்தது.

ராட்சத விசிறிகளின் இரைச்சலில் பேசுவது பாதி கேட்கவில்லை. பின்பக்க முற்றத்தில் பெட்டிகளை ஏற்றும் மேடை, அதற்கு எதிரே அதே லாரி. பக்கத்தில் அதே டிரைவர். அவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

ரேடியோ உலாத்துகிற மாதிரி அவனருகே போனார். மணி கேட்டார். ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. பஸ்ஸக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ரேடியோவின் விரலையே பார்த்தாள். அது உயர்ந்தால் போதும். அவளுக்குச் சட்டம் வேண்டாம், கோர்ட் வேண்டாம். ஒரு விரல் போதும்.

ரேடியோ உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். இல்லை.

"இன்னொரு தடவை போங்க" என்று சீறினாள். "போனை வீட்டுல வச்சுட்டு வந்திருப்பான்."

"சட்டைப் பையிலதான் இருக்கு அக்கா. எட்டிப் பார்த்துட்டேன்."

அவள் கை முஷ்டி தளரவில்லை. நாற்பத்திரண்டு நாளாக ஒருவன் வாசலில் கொட்டிய வெறுப்பை ஒரு தலையாட்டலில் எப்படித் திருப்பி அள்ளிக்கொள்வது?

திரும்பி நடந்தார்கள். முற்றத்தின் ஓரத்தில் மேலாளரின் கண்ணாடி அறை, அவர் அதற்குள் திரும்பிப் போயிருந்தார். அதன் கதவைத் தாண்டும்போது ரேடியோ தேள் கொட்டியவர் மாதிரி நின்றார். அவர் விரல், தானாக உயர்ந்தது போல, மெதுவாக மேலே போனது.

கடுகு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போனை எடுத்து, சற்றுமுன் வாங்கிய நம்பரை அழுத்தினார். கண்ணாடிக்கு உள்ளே மேலாளரின் மேசையில் போன் அடித்தது. எடுத்தார்.

"ஹலோ... ஹலோ? யாருங்க? சத்தமே வரலையே. ஹலோ!"

"உங்க போன்ல பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது சார்" என்றார் ரேடியோ, கதவில் சாய்ந்துகொண்டு. தலைமூடியைப் பின்னால் தள்ளினார். "மேடம் சொல்றாங்க, உங்க ஹெட்போன் நாற்பத்திரண்டு நாளா உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சாம்."

மேலாளர் ரேடியோவின் காதைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். பஸ்ஸக்கா மட்டும் அந்த முடிக்கூடையையே பார்த்தாள். அத்தனை முடிக்கு மேல் ஏறவேண்டுமென்றால் பட்டையை முழுசாகத்தான் இழுக்கவேண்டும். தன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவன். தான் கைகூப்பியவன்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று நொடியில் முகத்தைத் திரட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ஆமா மேடம். என்னுதுதான். வெளிநாடு போறியே, போட்டுப் பழகிப் பாருன்னு நான்தான் அவனுக்குக் குடுத்தேன். நான் குடுத்ததாலதான் செத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அது என் கோழைத்தனம். ஆனா அலாரம் அடிச்சுது. அவனுக்குக் கேக்கல. அதுதான் உண்மை."

கடுகு உதட்டைக் கடித்தார். பதில் கச்சிதமாக இருந்தது. இரவல் கொடுத்தது குற்றமாகாது.

"அலாரம் இப்பவும் வேலை செய்யுதா?"

"அருமையா."

"அன்னைக்கு வந்த லாரி அதுதானே? அவர் எங்க நின்னார்னு காட்டுங்க. எழுதிக்கிறேன்."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பெட்டி ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். மேலாளர் மேடைச் சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் ஆளுயரம் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்று, கையை விரித்தார். "இங்கதான் மேடம். என் கண்ணுக்குள்ளேயே இருக்கு."

பஸ்ஸக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. லாரியின் முன்பக்கம் போய், டிரைவரின் எதிரில் கையை நீட்டி நின்றாள்.

"சாவி."

அவன் அவளையே பார்த்தான். "அக்கா... அன்னைக்கு உங்க தம்பி காதுல எதுவும் இல்ல. சொன்னா நீதான் உள்ள போவேன்னு மேனேஜர் சொன்னாரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க அக்கா." சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

அவள் ஏறினாள். விசிறி இரைச்சலில் எஞ்சின் உறுமியது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டாள். லாரி பின்னால் நகர்ந்தது. சத்தமில்லை. ஒரு 'கீங்'கூட இல்லை. இப்படித்தான் வந்திருக்கிறது தம்பியின் முதுகுக்குப் பின்னால்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் மேலாளரின் முகம் தெரிந்தது. கடுகிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வாய் திறந்தபடியே நின்றது. இடது பக்கம் ஓடப் பார்த்தார், பெட்டிகள். வலது பக்கம், பெட்டிகள்.

"நிறுத்து! ஏய், நிறுத்துங்க!"

அவள் நிறுத்தவில்லை.

"அம்மா, வேணாம்!" கடுகின் குரல். அந்தக் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

"அலாரம் அடிக்காது!" மேலாளர் அலறினார். "அந்த லாரிக்கு அலாரம் கிடையாது! மூணு மாசமா அடிக்கல! அக்காவோட தம்பி அதை எழுதிக் குடுத்தான், நான்தான் கிழிச்சுப் போட்டேன்! நிறுத்தச் சொல்லுங்க, யாராவது நிறுத்தச் சொல்லுங்க!"

முற்றம் முழுக்க அது கேட்டது. ரேடியோவின் கையில் போன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸக்காவின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. இன்னும் மூன்றடி. இரண்டடி. இன்னும் ஒரு மூச்சு நேரம் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். இவ்வளவு சுலபமாகவா இவன் போய்ச்சேர வேண்டும்? ஒரு நொடியிலா?

மிதித்தாள். லாரி குலுங்கி நின்றது. பின்கதவுக்கும் மேலாளரின் மார்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, சாவியோடு இறங்கினாள். மூச்சுவிட இடம் உண்டு, நகர இடமில்லை.

"எடுக்கச் சொல்லுங்க மேடம்..." உள்ளேயிருந்து விசும்பல் வந்தது.

பஸ்ஸக்கா டிரைவரிடம் திரும்பினாள். "என் தம்பி உடனே போயிட்டானா?"

டிரைவர் தலையைத் தூக்கவில்லை. "இல்லக்கா."

"சொல்லு."

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஏதோ சொல்லப் பார்த்தாரு. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். இவர் பிடுங்கிக்கிட்டாரு. தன் கழுத்துல கிடந்ததைக் கழட்டி அவர் காதுல மாட்டினாரு. உங்க தம்பி கையால தள்ளிவிட்டாரு அக்கா. இவர் மறுபடியும் மாட்டினாரு. அப்புறம் உங்க தம்பி எழுதிக் குடுத்த காகிதத்தை எல்லாம் ஒழிச்சிட்டுத்தான் போன் பண்ண விட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிஷம் இருக்கும்."

கூடியிருந்தவர்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸக்கா அழவில்லை. ஒரு காலிப் பெட்டியை இழுத்து, மேலாளரின் முகம் நேராகத் தெரியும்படி பெட்டிச் சந்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். சாவி மடியில் இருந்தது.

"ரேடியோ, போலீஸுக்குப் போன் போடுங்க" என்றாள். "நாற்பது நிமிஷம் கழிச்சு."

ரேடியோ கடுகைப் பார்த்தார். முப்பது வருஷம் விதி தவறாமல் அறிக்கை எழுதிய அந்த அம்மாள், கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு காலிப் பெட்டியை இழுத்துப் பஸ்ஸக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

முதல் பத்து நிமிஷம் மேலாளர் மிரட்டினார். அடுத்த பத்து நிமிஷம் கெஞ்சினார். குளிர்க்காற்று சந்து வழியாக வீசி அவர் பல் கிட்டியது. அதன்பிறகு யாரும் கேட்காமலேயே பேசத் தொடங்கினார்: அலாரம் எப்போது கெட்டது, சரி செய்யாமல் எத்தனை லாரிகளை ஓட்டவிட்டார், தம்பி எத்தனை தடவை எழுதிக்கொடுத்தான், தள்ளிவிட்ட கையை எப்படிப் பிடித்துக்கொண்டு மாட்டினார். கடுகின் பேனா நிற்கவில்லை. பஸ்ஸக்கா இமைகூடக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசப் பேச அவர் முகம் சுருங்கிச் சுருங்கி, அழுகிற முகமா நடிக்கிற முகமா என்று சொல்ல முடியாத ஒன்றாக ஆனது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள், வரவில்லை.

நாற்பது நிமிஷம் முடிந்தபோது கடுகு நோட்டை மூடினார். ரேடியோ போனைக் காதில் வைத்தார்.

பஸ்ஸக்கா எழுந்து, சாவியை டிரைவரிடம் நீட்டினாள்.

"முன்னாடி எடுங்க. மெதுவா எடுங்க. இவனுக்கு ஒரு சிராய்ப்புகூட ஆகக் கூடாது. கோர்ட்டுப் படியில தன் காலாலதான் ஏறணும்."